மூன்றாவது படுக்கை

ஊஸ்டர், சுவிஸ்

7 மார்ச் 1988, திங்கள்

சாப்பாட்டு மேசையில் இன்று சாப்பாடு வைக்க இடமில்லை. மேசை முழுக்க வண்டிப் புத்தகங்கள். வழுவழுப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் ஒரு கடற்கரை, ஒரு வெள்ளை வண்டி, வண்டிக்கு முன்னால் சிரித்தபடி கோப்பி குடிக்கும் ஒரு சோடி. சூப் சட்டியை எங்கே வைக்க என்று கேட்டேன். சொலிங்கர் நிமிராமலே சொன்னார்: "கொஞ்சம் பொறுங்கோ, ஃப்ராவ் சிவா. நான் எஞ்சினிலை நிக்கிறன்."

ஃப்ராவ் என்றால் திருமதி; இந்த வீட்டில் நான் அப்படித்தான். சொலிங்கர் ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் ஒரு தடியை வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். இவர் சக்கரம் வைத்த வீடு வாங்கப்போகிறார். படுக்கை, குசினி, குளியலறை எல்லாம் உள்ளே; டீசலில் ஓடும். ஒக்டோபரில் புறப்பட்டு, போர்த்துக்கல் கடற்கரையில் குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வசந்தத்தில் வருவதாகத் திட்டம்.

எல்லாம் ஹெடிக்காக. ஹெடி அவருடைய மனைவி. நரம்பு வருத்தம், கால் இரண்டும் விட்டுவிட்டன, கைகள் இன்னும் உரமாக இருக்கின்றன. கைகளும் எவ்வளவு காலம் என்று டொக்டர் சொல்லவில்லை. இந்தக் குளிர்காலம் போகாவிட்டால் பிறகு போவது சந்தேகம். நான் இந்த வீட்டுக்கு வந்ததே ஹெடியைத் தூக்கி இருத்தத்தான்.

கடைசியில் சூப்பைக் குசினியிலேயே குடித்தோம்.

9 மார்ச், புதன்

பாகம் பாகமாகப் புள்ளி போட்டு, எத்தனையோ வண்டிகளைத் தட்டிக் கழித்து இரண்டில் வந்து நிற்கிறார். ஒன்று நோர்ட்ஹைம் — ஜெர்மன்காரருடையது, பெரிய தொழிற்சாலை. மற்றது ப்ரூகர் — ஹின்வில்லுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ப்ரூகர் என்ற ஒரு மனிதரே நாலைந்து ஆட்களோடு கட்டுவது. இரண்டிலும் எஞ்சின் ஒன்றுதானாம், பென்ஸ் லொறியுடையது. அதனால் இரண்டுக்கும் அங்கே சரிசமமான புள்ளி. சொலிங்கருக்கு அது பெரிய ஏமாற்றம்.

காலையில் குளிக்க வார்க்கும்போது ஹெடி சொன்னார்: "அவர் புகைக்குழாய்க்கும் புள்ளி போடுறார். எனக்கு எவ்வளவு போட்டவர் எண்டு கேட்டுச் சொல்லும்."

சிரித்தேன். இந்தக் குளியலறையில்தான் நாங்கள் அதிகம் சிரிப்பது. கதவு அகலத் திறந்து கிடக்கும். சக்கரக் கதிரையும் நானும் உள்ளே போனால் அதை மூட இடமில்லை. நான் வந்த நாளிலிருந்து அது மூடியதே இல்லை. எனக்குப் பழகிவிட்டது. ஹெடிக்கு?

கேட்டதில்லை.

12 மார்ச், சனி

சூரிச்சுக்கு வெளியே, பெருந்தெரு ஓரம், நோர்ட்ஹைம் காட்சிசாலை. கண்ணாடி மாளிகை. உள்ளே ஏறியதும் புதுத் தோல் மணம். மரவேலை கண்ணாடி போல. அலுமாரிக் கதவைச் சாத்தினால் சத்தமே வராது. வண்டியின் தரைக்குக் கீழே இன்னொரு தரை. தண்ணீர்த் தொட்டி அதற்குள் சூட்டில் இருக்கும், பனியிலும் உறையாது. சும்மா சொல்லக்கூடாது, வடிவான வண்டி. எங்கள் ஆட்கள் கண்டால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்பார்கள்.

விற்பவர் சொலிங்கரோடு மட்டும் கதைத்தார். ஹெடி கேட்ட கேள்விக்கும் சொலிங்கரைப் பார்த்துப் பதில் சொன்னார். குளியலறைக்குள் சக்கரக் கதிரை போகாது. "உதவிக்கு ஆள் வருவினம்தானே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு முறைதான் என்னைப் பார்த்தது.

அவருடைய பெரிய துருப்புச்சீட்டு, பழுது பார்க்கும் வசதி. ஐரோப்பா முழுக்க அவர்களுக்குப் பட்டறை. லிஸ்பனில்கூட இருக்கிறதாம். சொலிங்கர் உருகிப்போனார்.

15 மார்ச், செவ்வாய்

சொலிங்கர் உருகினாலும் நம்புகிறவர் இல்லை. காலை முழுக்க டெலிபோனில் இருந்து, அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பார்த்தார். பிரான்சில் உடனே எடுத்தார்களாம். ஸ்பெயினில் பிறகு எடுக்கச் சொன்னார்களாம். லிஸ்பனில் எடுத்தவர் மிகவும் அன்பாகக் கதைத்தாராம். ஆனால் அவர் திருத்துவது உழவு இயந்திரம்.

பிறகு ப்ரூகரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிறகு, சாப்பாட்டு நேரத்தில், இந்த நாட்டில் யார் எடுப்பார்கள்? ஒரு மணிக்கு ப்ரூகரே எடுத்து, "சாப்பிட்டனான்" என்றாராம். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லையாம். சொலிங்கர் அதைக் குறையாகச் சொல்கிறாரா, மெச்சிச் சொல்கிறாரா என்று விளங்கவில்லை.

19 மார்ச், சனி

ப்ரூகரின் பட்டறை. முன்னர் மாட்டுக் கொட்டிலாக இருந்திருக்க வேண்டும். மணம் இன்னும் போகவில்லை. ப்ரூகர் குட்டையான ஆள். கை கழுவாமல் வந்து, கை நீட்டாமல் முழங்கையை நீட்டினார். சொலிங்கருக்கு நீட்ட முதல் ஹெடிக்கு.

"வண்டி போர்த்துக்கல்லிலை நிண்டு போனால்?" என்று சொலிங்கர் கேட்டார்.

"எனக்கு டெலிபோன் எடுங்கோ."

"நீங்கள் செத்துப்போனால்?"

"மருமகன் இருக்கிறான். அவன் என்னைவிட மோசம். எண்டாலும் எடுப்பான்."

சொலிங்கர் ஒரு பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, பாதி கட்டிய ஒரு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்தார். போனவர் போனவர்தான். மேலே நாங்கள் மூன்று பேர். ப்ரூகர் ஹெடியிடம், "உங்கடை கையை அளக்கலாமோ?" என்று கேட்டு அனுமதி வாங்கினார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார். பிறகு மூலையில் பலகையால் அடித்து வைத்திருந்த ஒரு சட்டத்தைக் காட்டினார். குளியலறை மாதிரியாம். அதில் ஒரு இருக்கை, இரண்டு பக்கமும் பிடி, மேலே ஒரு பிடி. பிடிகளை ஹெடியின் கைக்குச் சரியாகக் கழற்றிப் பூட்டினார்.

"இப்ப மாறிப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு, போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வழக்கம்போலக் கையைக் கொண்டுபோனேன். ஹெடி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மேலே பிடித்தார், பக்கத்தில் பிடித்தார், ஒரு மூச்சு — கதிரையிலிருந்து இருக்கைக்கு வந்துவிட்டார். தானாக. முகமெல்லாம் சிவந்துபோய் இருந்தது. நீட்டிய என் கை அப்படியே நின்றது.

சொலிங்கர் வண்டிக்குக் கீழே இருந்து வெளியே வந்தபோது ஹெடி திரும்பவும் கதிரையில். "அடிச்சட்டம் அருமை," என்றார் அவர். ஹெடி காரைக் காட்டினார், புறப்பட்டோம். திரும்பி வரும்போது காரின் முன் இருக்கையிலிருந்து பின்னால் பார்த்தேன். ஹெடி மடியில் வைத்திருந்த கைகள், அங்கே இல்லாத பிடிகளைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன.

20 மார்ச், ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் சொலிங்கர் கேட்டார்: "நீங்களும் எங்களோடை வருவியள்தானே, ஃப்ராவ் சிவா?"

"ஓம்," என்றேன்.

வேறு என்ன சொல்வது? பயணம் கதைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு வாய் திறந்து இல்லை என்று சொல்வார்களா? எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் வாயில் ஒரு அடி போடுவார்கள். ஒரு பேச்சுக்கு ஓம் சொல்வது. என்னால் இந்த நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்பது ஊருக்கே தெரிந்த விடயம். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவு வராமல் தலைநகர் பேர்னில் கிடக்கிறது. எல்லை தாண்டினால் அதோடு சரி. சொலிங்கர் பேப்பர் படிக்கிற மனிதர், தெரியாமலா இருக்கும்?

அப்பிள் கேக் நன்றாக வந்திருந்தது.

23 மார்ச், புதன்

அவருக்குத் தெரியவில்லை.

இன்று சொலிங்கர் புள்ளிகளைக் கூட்டி முடித்துவிட்டார். நோர்ட்ஹைம். காரணத்தையும் விளக்கினார். நோர்ட்ஹைமின் நீள வண்டியில் முன்பக்கம், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இறங்கி வருகிற மூன்றாவது படுக்கை இருக்கிறது. ப்ரூகரிடம் கேட்டாராம், படுக்கை வைத்தால் குளியலறை ஒடுங்கும், இரண்டில் ஒன்றுதான் என்று அவர் சொல்லிவிட்டாராம். "குளியலறை ஒடுக்கம் எண்டால் என்ன, நீங்கள் இருக்கிறியள்தானே தூக்க? படுக்கைதான் முக்கியம்," என்று என்னைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சொன்னார்.

எனக்குப் படுக்கை. எனக்காக.

சனிக்கிழமை போய்க் கையெழுத்து வைக்கிறார். ஹெடி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரூகரின் சட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

24 மார்ச், வியாழன்

எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருக்கும் தம்பிக்கு டெலிபோன் எடுத்தேன். தவராஜா வேலையால் வந்து படுத்திருந்தான், எழுப்பித்தான் சொன்னேன்.

"அக்கா, உமக்கு விசரோ? எல்லை தாண்டினால் திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள்."

"போகப் போறன் எண்டு ஆர் சொன்னது? ஓம் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"வெள்ளைக்காரனுக்கு ஓம் எண்டால் ஓம்தான். போய்ச் சொல்லும்."

"வண்டி வாங்கினாப் பிறகு சொன்னால் என்ன? நாளுக்குக் கிட்ட, ஒரு வருத்தம் கிருத்தம் எண்டு..."

அவன் கொட்டாவி விட்டான். பிறகு, "அப்ப அந்த மனிசியைப் போர்த்துக்கல்லிலை ஆர் தூக்கிறது?" என்று கேட்டான்.

25 மார்ச், வெள்ளி

யோசித்துப் பார்க்கிறேன். அமைதியாகத்தான். நான் போகப்போவதில்லை. நோர்ட்ஹைம் வந்தால், தூக்க ஆளில்லாமல் தூக்க வேண்டிய ஒரு குளியலறையோடு ஹெடி கடற்கரையில் இருப்பார். சொலிங்கருக்கு முதுகு சரியில்லை. கிழமைக்குள் திரும்பி வருவார்கள். இல்லாவிட்டால் புறப்படவே மாட்டார்கள். பிறகு ஹெடியின் கை... எல்லாம் நான் அப்பிள் கேக்குக்கு முன்னால் சொன்ன ஒரு 'ஓம்' என்ற சொல்லால்.

தடை சொல்லக்கூடாது எண்டு நினைச்சுத் தடையாய் நானே குறுக்கை நிக்கிறன். என்ன கோதாரி இது. வாயைத் திறந்து "ஏலாது, ஐயா" எண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதானே? ஏன் நாக்கு எழும்புதில்லை? கோவிப்பார் எண்டோ? வேலை போயிடும் எண்டோ? ஓம், அதுவும்தான். நான் போகாட்டில், அவை போயிட்டால், எனக்கு இந்த வீட்டிலை என்ன அலுவல்?

நாளைக்குக் காலமை சொல்லவேணும். அவர் கழுத்துப்பட்டி கட்ட முதல்.

26 மார்ச், சனி

கழுத்துப்பட்டி கட்டிய பிறகுதான் சொன்னேன்.

குசினியில் மூவரும். ஹெடிக்குப் பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "நான் வர ஏலாது. சுவிசை விட்டு வெளியிலை போனால் என்ரை அலுவல் முடிஞ்சுது," என்றேன். ஜெர்மன் பிழைத்திருக்கும். விளங்கியது.

சொலிங்கர் கோப்பையை வைத்தார். "போன ஞாயிறு ஓம் எண்டனீங்கள்."

"பயணம் போற கதையிலை முதல் சொல்லு இல்லை எண்டு வரக்கூடாது. எங்களிலை வழக்கம்."

"அப்ப எப்ப இல்லை எண்டு சொல்லுவியள்?"

"சொல்ல மாட்டம். நாள் கிட்ட வரேக்கை ஒரு காய்ச்சல் வரும். இல்லாட்டில் ஆரும் சொந்தக்காரர் சாவினம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை! காகிதத்தில் ரயில் ஓடுகிறது, தண்டவாளத்தில் ஓடவில்லை என்று யாரோ சொன்ன மாதிரி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. ஹெடிதான் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"எனக்கு இவ வர வேண்டாம்."

சுருக்கென்றது. கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டேன்.

"கோவிக்காதையும், சிவா. உமக்கு முன்னாலை சொல்லக்கூடாது எண்டுதான் ஒரு கிழமையாய் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். எனக்கு அங்கை ஒருத்தரும் தூக்க வேண்டாம். ப்ரூகரிட்டை நான் நானாய் மாறினனான். இவவைக் கேள்."

சொலிங்கர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ வண்டிக்குக் கீழை கிடந்தனி."

இந்த ஊரில் புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் நீ என்றுதான். அந்த 'நீ'யில் இன்று கோபம் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. சொலிங்கர் கழுத்துப்பட்டியை மெல்லக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். பிறகு பழைய கோட்டை எடுத்துக்கொண்டு, "இண்டைக்கும் திறந்திருப்பான்," என்றார். ப்ரூகரைத்தான்.

நோர்ட்ஹைம்காரருக்கு யார் டெலிபோன் எடுத்து இல்லை என்று சொல்வது என்ற கேள்வி வந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னை வைத்துப் பகிடி பண்ணுகிறார்கள். ஒரு நாளும் இல்லாமல்.

27 மார்ச், ஞாயிறு

எனக்கு இவ வர வேண்டாம்.

நியாயமான சொல்தான். இன்னும் குத்துகிறது.

14 ஏப்ரல், வியாழன்

வருடப் பிறப்பு என்று பாயசம் வைத்தேன். ப்ரூகரும் வந்திருந்தார், வரைபடத்தோடு. யாரோ ஒருவர் வேண்டாம் என்று விட்ட ஒரு அடிச்சட்டம் கையில் இருக்கிறதாம், செப்டெம்பருக்குள் கட்டித் தருவாராம். பாயசத்தில் மிதந்த முந்திரியை எல்லாம் முதலில் தேடித் தின்றார்.

குளிர்காலத்தில் வீட்டை நான் பார்ப்பதென்று முடிவாகியிருக்கிறது. சூடாக்கி நிற்காமல் பார்ப்பது, பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடுவது. வெறுமையாக இருக்கும் வீட்டுக்கு ஒரு ஆள். வேலை என்று சொல்லலாம்.

2 ஜூலை, சனி

பட்டறைக்குப் போனோம். வண்டிக்குச் சுவர் வந்துவிட்டது. நோர்ட்ஹைமின் பவுசு இல்லை; அலுமாரிக் கதவு டப்பென்று சாத்துகிறது. சொலிங்கர் அதைத் திரும்பத் திரும்பச் சாத்திப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஆனால் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறதென்று ப்ரூகர் அவரைத் தொட்டுப் பார்க்க வைத்தார். "நான் டெலிபோனிலை சொன்னால் உங்கடை கை அங்கை போகவேணும்." அதுதான் அவருடைய லிஸ்பன் பட்டறை.

8 ஒக்டோபர், சனி

போய்விட்டார்கள்.

நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்தேன். சொலிங்கர் குனிந்து பார்த்து, புளி டயரைத் தின்னுமோ என்று கேட்டார். ஹெடி, "வையும், வையும்," என்றார். ஏறுவதற்கு முன் சொலிங்கர் என்னிடம் வந்து மிகவும் கவனமாகக் கேட்டார்: "வேறை ஏதும் இல்லை எண்டு சொல்ல இருக்குதோ, ஃப்ராவ் சிவா? இப்ப சொன்னால் நல்லது."

இல்லை என்றேன். அந்த இல்லையை அவர் நம்பினார்.

எஞ்சின் கிளம்பும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். ஹெடி யன்னலால் கை காட்டினார். தெரு முனையில் வண்டி திரும்பும்வரை நின்றேன். நசிந்த தேசிக்காய்களைக் கூட்டி அள்ளினேன். அயலட்டை மனிசி என்ன என்று கேட்டா. சலாட் என்றேன்.

9 ஒக்டோபர், ஞாயிறு

எனக்குத் தூக்க ஆளில்லை. தோள் நோகவில்லை. நல்லதுதானே.

22 நவம்பர், செவ்வாய்

ஸ்பெயினிலிருந்து ஹெடி கதைத்தார். சூடாக்கி நின்றுவிட்டதாம், வெளியே நல்ல குளிராம். ப்ரூகருக்கு எடுத்திருக்கிறார்கள் — மத்தியானம் பன்னிரண்டரைக்கு. ஒரு மணி வரை சொலிங்கர் டெலிபோன் பெட்டிக்குள் நின்றாராம். பிறகு ப்ரூகர் சொல்லச் சொல்ல, ஓடிப்போய்ச் செய்துவிட்டு, ஓடிவந்து கேட்டு, திரும்ப ஓடி, தானே திருத்திவிட்டார். டீசல் வரும் குழாயில் ஏதோ அடைப்பு. "கலியாண நாளிலைகூட இந்த மனிசன் இப்பிடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியேல்லை," என்றார் ஹெடி.

14 ஜனவரி 1989, சனி

பொங்கல். ஒருத்திக்காகப் பொங்குவது ஒரு மாதிரி. தவராஜா வருவதாகச் சொன்னான். அவனும் ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பான். வரவில்லை.

பின்னேரம் ஹெடி எடுத்தார். காசு விழும் சத்தம், அதற்குப் பின்னால் ஒரு இரைச்சல். கடலாம்.

"சிவா, நான் இண்டைக்குக் கதவைப் பூட்டினனான்."

எந்தக் கதவு என்று கேட்டேன்.

"குளியலறைக் கதவு. இவ்வளவு நாளும் இந்த மனிசன் பயத்திலை திறந்து வைக்கச் சொல்லி வாசல்லை நிண்டவர். இண்டைக்கு அவர் பாண் வாங்கப் போனவர். போய், இழுத்துச் சாத்தி, உள்ளாலை கொண்டி போட்டிட்டன். வந்து தட்டினார். ஹெடி, ஹெடி எண்டார்."

"என்ன சொன்னியள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். எத்தினை வருசத்துக்குப் பிறகு, தெரியுமோ? தனிய."

பிறகு காசு முடிந்து கட்டாகிவிட்டது.

டெலிபோனை வைத்துவிட்டு அழுதேன். கவலையால் இல்லை. எதனால் என்று எழுதத் தெரியவில்லை. போய்க் கீழே குளியலறையைப் பார்த்தேன். திறந்தே கிடந்தது. யாரும் இல்லாத வீட்டிலும் நான் அதைச் சாத்தியதில்லை.

6 பெப்ரவரி, திங்கள்

சொலிங்கர் எடுத்தபோது கேட்டேன், ப்ரூகரை வீட்டுக்குக் கூப்பிடட்டோ என்று. எதற்கு என்றார். வீட்டுக் குளியலறையையும் வண்டியினது போல மாற்ற என்று சொன்னேன். காசு இன்னும் இரண்டு விழுந்தது. "அப்ப நீங்கள்?" என்றார்.

"அதைப் பிறகு பாப்பம்," என்றேன்.

"ஃப்ராவ் சிவா, இந்தப் பாப்பம் எந்தப் பாப்பம்?"

பாவம், மனிதர் பழகிவிட்டார்.

9 மார்ச், வியாழன்

ப்ரூகர் வந்தார். முழங்கையை நீட்டினார். குளியலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கழுவும் தொட்டியை அந்தச் சுவருக்கு மாற்றலாம், கதவைக் கழற்றி இழுவைக் கதவாகப் போடலாம், பிடிகளுக்கு ஹெடியின் கை அளவு அவரிடம் இருக்கிறது. அவர்கள் ஈஸ்டருக்கு வருவதற்குள் முடித்துவிடுவாராம்.

அளந்துகொண்டே கேட்டார்: "இதையெல்லாம் பொருத்தினால் உங்களுக்கு இஞ்சை வேலை குறையுமே?"

"ஓம்," என்றேன்.

அவர் அளவு நாடாவை மடக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொலிங்கர் சொல்லியிருக்க வேண்டும், என் ஓமைப் பற்றி.

"உண்மையான ஓமோ?"

"உண்மையான ஓம்தான்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். சுவரில் கோடு போட்டார். அடுத்து, கொண்டி எங்கே வரவேண்டும் என்று கேட்டார்.

உள்பக்கம் என்றேன்.